இனிப் பிறப்பதும்

ஒஸ்லோவிலிருந்து தம்பி அனுப்பிய படத்தில்
மரம் ஒன்று நிற்கிறது.
கீழே எங்கள் பிள்ளைகள், சிரித்த முகங்களோடு.
மேலே போகப் போக வெறும் பெட்டிகள்.
"அக்கா, அப்பாவின்ரை பக்கம் முழுக்கக் காலி.
நீதானே அங்கை நிக்கிறாய்."

நிற்கிறேன்தான்.
சாவகச்சேரியில், பிறப்பு இறப்புப் பதிவுக் கிளைக்கு முன்னால்
வரிசையில் மூன்றாவதாக,
அடையாள அட்டைப் பிரதி கையில் நனைய.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
அலுவலர் ஏட்டை முழங்கையால் அமத்துகிறார்.

செல்லன். தகப்பன் வைரவி. ஊர் சரசாலை.
தொழில்: கூலி.
வைரவிக்கு முந்திக் கறையான்.
கறையான் விட்டுவைத்த ஒரு பக்கத்தில்
பேதி வந்த வருஷம், ஒரு மரணம்:
சின்னி, பெண், நாவலடி வளவு,
வயது ஐம்பது இருக்கலாம்.
தகப்பன் பெயருக்கு ஒரு கோடு.
அறிவித்தவர் மகன் வைரவி,
அவர் போட்ட புள்ளடி
கடதாசியின் மறுபக்கம் வரை குத்தியிருக்கிறது.

இருக்கலாம் என்ற சொல்லை
பஸ்ஸில் வீடு வரைக்கும் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஏழு மாதம் ஒன்றுமில்லை.
மகளுக்கு டெங்கு. கிணற்று மோட்டர் எரிந்தது.
தம்பியும் கேட்பதை விட்டுவிட்டான்.

நொத்தாரிசு தில்லையம்பலத்தாரின் றங்குப்பெட்டி
வீடு விற்கிற சாட்டில் வெளியே வந்தது.
கலாதரி ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினா.
"நாவலடிச் சீதன உறுதி ஒண்டு கிடக்கு, வந்து பாரும்."
தேத்தண்ணி வைத்தா, பிஸ்கட் வைத்தா.
கடதாசியை நீட்டும்போது மட்டும்
முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

ஓலையிலிருந்து ஆரோ பெயர்த்தெழுதிய பிரதி.
மகள் தையல்முத்துக்குச் சீதனமாக

    நாவலடி வளவு பரப்பு ஆறும்
    அதில் நிற்கும் பனை வடலியும்
    கிணற்றில் காற்பங்கும் வழி வாய்க்காலும்
    குத்துவிளக்குச் சோடி ஒன்றும்
    பசு ஒன்று கன்றோடும்
    பூதி என்னும் அடிமைப் பெண்ணும்
    அவள் மகள் சின்னியும்
    இவர்கள் வயிற்றில் இனிப் பிறப்பதும்

மூச்சு விடாமல் எழுதியிருக்கிறான்.
கன்றுக்கும் பூதிக்கும் இடையில்
மைகூடத் தொடவில்லை.

இனிப் பிறப்பதும்.
அதில் வைரவி இருக்கிறார்.
புள்ளடி போடும் கையோடு, இன்னும் பிறக்காமல்,
குத்துவிளக்குக்கு மூன்று வரி கீழே.
தேத்தண்ணி ஆறிப் பாடை படர்ந்தது.
பூதிக்கு எப்படி அதை வாசித்துக் காட்டியிருப்பார்கள்?
காட்டியிருக்கமாட்டார்கள்.
பசுவுக்கு ஆர் வாசித்துக் காட்டுவது.

படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி. ஒரு நாள் முழுக்க மௌனம்.
பிறகு குரல், தாழ்த்தி, கார் ஓடுகிற சத்தத்தில்:
"இதைப் போடவேண்டாம் அக்கா.
பிள்ளையள் பாக்குங்கள்.
செல்லனோடை நிப்பாட்டுவம்."

நிப்பாட்டலாம்.
செல்லனுக்கு மேலே ஒரு பெட்டி,
அதற்குள் ஒரு கோடு,
பதிவுக்காரர் போட்டதைப் போலவே நேராய்.

ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.
நாவலடியில் நாவல் இல்லை.
தகரப் படலை, பூட்டு, முழங்கால் உயரத்துக்குப் பூண்டு,
பனைகளில் நாலைந்துக்கு ஷெல் விழுந்த நாள் தொட்டுத் தலை இல்லை.
வேலியில் ஒரு பலகை:
காணி விற்பனைக்கு. ஆறு பரப்பு. நல்ல தண்ணி.

ஆறு பரப்பு. ஒரு குழிகூடக் குறையவில்லை.

என்னிடம் ஒரு பரப்புக்கும் காசில்லை.
ஆனாலும் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன்.
கொழும்பிலிருந்து ஒரு பெரியவர்,
பின்னால் தொலைக்காட்சி.
விலை சொன்னார். பாதை சொன்னார்.
கிணறு கோடையிலும் வற்றாது என்றார்.
பிறகு, மெத்தப் பண்பாக,
"குறை நினையாதையுங்கோ பிள்ளை,
நீங்கள் எந்தப் பகுதி?"

சொன்னேன்:
உங்கடை பழைய உறுதியிலை இருக்கிறம் ஐயா.
பசுவுக்குப் பிறகு.